மோட்டார்ல விழாத தம்பி

எங்க வீட்டுல மாத்திரை சாப்பிடணும்னா மொதல்ல ஒரு பொய் வேணும்.

அம்மாவோட பொய் பிரஷர். நான் பொறக்கறதுக்கு முன்னாலேருந்தே மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடறவங்க. நீலாய் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிக்கறப்பவும் சரி, எஸ்டேட் கோயில்ல பொங்கல் வைக்கறப்பவும் சரி, யாரு கேட்டாலும் பிரஷர்தான். பதினாறு வயசுல, நான் ஃபார்ம் ஃபோர் படிக்கறப்ப எனக்கும் அதே நோய் வந்துச்சு. காலையில எந்திரிக்க முடியல. சோறு எறங்கல. காரணமே இல்லாம அழுகை. அம்மா என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. என்னா ஏதுன்னு அப்பா கேட்டதுக்கு, "பொம்பளைங்க விஷயம், உங்களுக்கு எதுக்கு?"ன்னு ஒரே போடா போட்டாங்க. அவ்வளவுதான். அப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு லோரி எடுக்கப் போயிட்டாரு.

தம்பிக்கு வந்தப்பதான் எல்லாரும் முழிச்சோம். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். பந்தாட்டத்தை விட்டான், பள்ளிக்கூடத்தை விட்டான், போனைக்கூடத் தொடாம ரூம் கதவைச் சாத்திக்கிட்டுக் கெடந்தான். ஏதாச்சும் கேட்டா சுவத்துல குத்துவான். நான் அழுதேன், அவன் குத்தினான், வியாதி ஒன்னுதான். ஆனா என்னைப் பார்த்து "பாவம்"னு சொன்ன வாயெல்லாம் அவனைப் பார்த்து "கொழுப்பு"ன்னு சொல்லுச்சு. "சோம்பேறிப் பய. ரெண்டு நாள் செம்பனைக் குலை தூக்கச் சொல்லு, எல்லாம் சரியாப் போயிடும்லா" இது அப்பா. அம்மா வேலைக்கு லீவு போட்டு அவனை டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை வாங்கிட்டு வந்தாங்க. அன்னிக்கு அப்பா ஆடின ஆட்டம் இருக்கே! "ஆம்பளைப் பிள்ளைக்குப் பைத்தியக்கார மாத்திரையா? நாளைக்கு எவன் இவனுக்கு வேலை குடுப்பான்?"

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில தம்பி, "நான் இருந்து என்ன ஆவப் போவுது?"ன்னு கேட்டான். சத்தம் போட்டுக்கூடக் கேக்கல. அப்பா பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டு வெளியே போனாரு. திரும்பி வந்து, "சரி, மருந்து குடு. ஆனா எவன் கேட்டாலும் மோட்டார் சைக்கிள்ல விழுந்து தலையில அடின்னு சொல்லணும்"ன்னாரு. ஆம்பளைக்கு அடி படலாம், அதுல மானம் போவாதாம். ஊரு நம்பணும்னு அவன் முழங்கையில பிளாஸ்டர் வேற ஒட்டிவிட்டாரு. தம்பி கையை நீட்டிக்கிட்டு என்னையே பார்த்தான். எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல.

பொய் நல்லாவே வேலை செஞ்சுச்சு. ஒவ்வொரு தடவையும் அப்பாவே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் காடியில கூட்டிட்டுப் போவாரு. உள்ளே மட்டும் வரமாட்டாரு, கார் பார்க்லயே உக்காந்திருப்பாரு. தம்பி தூங்கினான், சாப்பிட்டான், ஒரு சாயங்காலம் அவனாவே பந்தைத் தூக்கிட்டுத் திடலுக்குப் போனான். அப்பதான் வந்துச்சு வெனை. அடின்னா ஆறணும்ல? எங்க குடியிருப்புத் தாமான்ல பாக்கறவங்கல்லாம் "இன்னுமா ஆறல?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல. பொம்பளைங்க விஷயம் எப்ப முடியும்னு எவன் கேப்பான்? அப்பா டாக்டரைக்கூடக் கேக்காம, "ஆறிடுச்சு, போதும்"னு மாத்திரையை எடுத்து ஒளிச்சு வச்சிட்டாரு. அம்மா கெஞ்சினாங்க, சண்டை போட்டாங்க, ஒன்னும் நடக்கல. கொஞ்ச நாள்ல தம்பி மறுபடியும் கதவைச் சாத்திட்டான். வெளியே நின்னு நானும் அம்மாவும் மாத்தி மாத்திக் கூப்பிட்டோம்.

அந்த ஞாயித்துக்கிழமை அப்பா அவனை வலுக்கட்டாயமா எழுப்பி, எங்க எல்லாரையும் அம்பாங்கான்ல ஒரு ஒட்டுக்கடைக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனாரு. பக்கத்து மேசையில அப்பாவோட கூட்டாளி, எஸ்டேட்ல ஆளுங்களை வேலை வாங்கற மண்டோர். "என்னாடா, தலைக்காயம் ஆறிடுச்சா?"ன்னாரு.

ரொட்டியைப் பிச்சுக்கிட்டிருந்த தம்பி நிமிர்ந்தான். "நான் விழவே இல்ல மாமா. எனக்கு மனசு சரியில்ல. மாத்திரை சாப்பிட்டா நல்லா இருந்துச்சு. அப்பா நிறுத்திட்டாரு."

அப்பா மூஞ்சி செத்துப்போச்சு. மண்டோர் மாமா தே தாரிக் டீ கிளாஸைக் கீழே வச்சாரு. நாக்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டுக் கொரலைத் தாழ்த்தி, "எந்த ஆஸ்பத்திரி? என் மவனும் இப்படித்தான் கெடக்கறான்"னாரு.

அப்பா தட்டை ஓரமாத் தள்ளினாரு. அப்புறம், "சிரம்பான். வெள்ளனப் போயிடு. லேட்டாப் போனா காடி போட எடம் கெடைக்காது"ன்னாரு.

மறுநாள் லோரிக்கு லீவு சொல்லிட்டு அவரே தம்பியைக் கூட்டிட்டுப் போனாரு. இந்தத் தடவை டாக்டர் ரூம் வரைக்கும் போனாரு. தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்னிக்குச் சாயங்காலம் எனக்கும் ஒரு தைரியம் வந்துச்சு. டிவி பார்த்துக்கிட்டிருந்த அப்பாகிட்டப் போயி, "அம்மாவும் நானும் சாப்பிடறதும் அந்த வியாதிக்குத்தாம்பா"ன்னேன்.

"தெரியும்."

தெரியுமாம்! "தெரிஞ்சா ஏம்பா ஒரு வார்த்தை கேக்கல?"

அவரு சட்டை பட்டனைத் திருகிக்கிட்டே இருந்தாரு. "நீங்க ரெண்டு பேரும் எப்படியும் சமாளிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேம்மா."

அடுப்படியில பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த அம்மா கொழாயை மூடினாங்க. எங்க பக்கம் திரும்பாமலே, "சமாளிச்சேன்னு யாருங்க சொன்னா?"ன்னாங்க.