உரித்து வைத்த கடலை

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிவைப்புக்குப் பொறுப்பான பொறியாளர் நான். திகில் படங்களுக்குப் பேர்போன அந்த இயக்குநர் அங்கே படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்தார். குட்டையான உருவம், வெளுத்த சட்டை, அதன் பையில் வறுத்த கடலை. உரித்துத் தோலை ஊதி, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நிபந்தனைகளைச் சொன்னேன்: தலைக்கவசம் அணிய வேண்டும், காப்பறையை விட்டு வெளியே வரக்கூடாது, சைரனுக்குப் பிறகு என்னிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது. கடைசியை மட்டும் அவர் மீறினார்.

சைரன் ஒலித்ததும் நாங்கள் பாறையைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார்.

"சார், வெடி அந்தப் பக்கம்."

"அது எப்படியும் வெடிக்கும்மா. வெடிச்சுட்டா உங்க மூஞ்சியெல்லாம் மாறிடும்."

அன்று வெடிக்கவில்லை. விதிப்படி காத்திருந்துவிட்டு, வெடிமருந்து நிரப்பிய குழிகளைச் சோதிக்க எழுந்தேன்.

"யாரு போறா?"

"நாந்தாங்க சார்."

"நீயாம்மா? அப்புறம் என்ன ஆகும்?"

"இதை நீங்களே கேட்டா எப்படிங்க சார்?"

அவர் சிரிக்கவில்லை.

கழன்றிருந்த ஒயரைக் கண்டுபிடித்துத் திரும்பினேன். அவர் உள்ளங்கையில் உரித்த கடலை குவிந்திருந்தது. ஒன்றைக்கூடத் தின்றிருக்கவில்லை.

"இந்தாம்மா, சாப்பிடு."

"கை கழுவிட்டு வரேன் சார்."

அவருடைய அடுத்த படத்தை ஜெயங்கொண்டம் தியேட்டரில் அண்ணனோடு பார்த்தேன். வெடிக்காத குழியைச் சோதிக்க ஒரு பெண் சுரங்கத்துக்குள் இறங்குகிறாள். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடுத்த காட்சியிலேயே அவள் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நிற்கிறாள்.

"எவ்ளோ பெரிய ஆளு, இங்க கோட்ட வுட்டுட்டாரே!" என்றான் அண்ணன்.

ஒரு கதவு திறப்பதற்கே நம்மைத் தவிக்கவிடுகிறவர், அவள் திரும்பி வருவதற்கு மட்டும் யாரையும் காக்கவைக்கவில்லை.