முகம் இருந்த இடத்தில் வானம்

அநியாயம் நடந்தது உப்புவெளி மலர் அக்காவுக்கு. செய்தவள் நான். அவரின் மகள் வெளிநாடு போன காலையில் தாயும் மகளும் சேர்ந்து நின்ற ஒரேயொரு படத்தை நாசமாக்கினேன். கறுப்பு வெள்ளைப் பிலிமில் படம் விழுந்ததா என்று அறிய ஒரு கிழமை செல்லும். அதற்காக வாதாட ஒரு நிமிசம் போதும். என்னைப்போல் பிலிம் கமராக்களைக் கட்டி அழும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன் எதற்கு?

மலர் அக்கா எங்கள் பக்கத்து வீடு. கமராவைக் கண்டாலே குசினிக்குள் ஓடுகிறவர், அன்று பஸ் ஸ்டாண்டில் மகள் தர்சினிக்காக அசையாமல் நின்றார். படம் எடுக்கச் சொல்லித் தர்சினி தன் போனை நீட்டினாள். பிலிம் கமராவோடு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. "போனில ஆயிரம் எடுத்தாலும் ஒண்டையும் திரும்பப் பாக்கமாட்டாய். பிலிமெண்டா காலத்துக்கும் நிக்கும்" என்று கம்பஸ் விவாத மேடையில் நிற்பதுபோல் முழங்கினேன். பஸ் உறுமத் தொடங்கிவிட்டது. போன் பைக்குள் போனது. தர்சினி சிரித்தாள்: "இந்த அக்காவோட கதைச்சு வெல்ல ஏலாது, அம்மா. நேரா நில்லுங்கோ!"

கடலின் நிறம்

அன்று எடுத்த அந்த ஒரு படத்தோடு பிலிம் முடிந்தது. முடிந்த பிலிமைச் சுற்றும்போது நுனியையும் உருளைக்குள் இழுத்துவிட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் புதுப் பிலிம் மாதிரியே இருக்கும். நான் நுனியை மறந்தேன். அடுத்த சனிக்கிழமை காலை அதையே புதிதென்று போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் போய்ப் படகுகளை எடுத்தேன்.

கிண்ணியாப் படகுக்காரர் ஒருவர், படம் கலரில் வருமா என்று கேட்டார். நிறம் கண்ணை ஏமாற்றும், வெளிச்சம்தான் உண்மை என்று கால் மணித்தியாலம் விளக்கினேன். வலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "அப்ப இந்த நீலத்த எல்லாம் அல்லாஹ் சும்மாவா புள்ள படைச்சான்?"

கழுவின பிறகு

பிலிமைக் கழுவிக் காயவிட்டபோதுதான் தெரிந்தது: ஒரே சுருளில் இரண்டு காலைகள். அச்சுப் போட்டபோது துறைமுக வானம் வெள்ளையாய் மேலே விழுந்து தாய், மகள் இரண்டு முகங்களையும் அழித்திருந்தது. படகின் கறுத்த பக்கத்துக்குள் மட்டும், தர்சினியின் தோளில் மலர் அக்காவின் கை தெளிவாகக் கிடந்தது. கம்பஸ் சிநேகிதி வாணி பார்த்துவிட்டுத் துள்ளினாள்: "பிழையெண்டு ஆருக்கும் சொல்லாதையடி. கண்காட்சிக்கு வை!"

மறுமொழி

அக்காவின் கண்ணில் படாமல் மூன்று நாள் பின்வாசலால் போய்வந்தேன். நாலாம் நாள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பார்க்க முன்னமே காலம், தற்செயல், ஞாபகம் என்று தொடங்கிவிட்டேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"முகம் எங்க?"

என் வாதம் அத்தனையும் அந்த இடத்தில் முடிந்தது. "என்ர பிழை அக்கா. போனை உள்ள வைக்கப் பண்ணினதும் நான்தான்."

அவர் அந்தக் கையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு படத்தை அலுமாரிக் கண்ணாடியில் செருகினார். வாய் நீண்டவளின் கண்ணுக்குப் பிலிமின் நுனி தெரியாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றது. அக்கா சொன்னது அதைவிடச் சுருக்கம்:

"அவள் லீவில வரேக்க நீயும் வா, பிள்ளை. கமராவை வீட்டில வைச்சிட்டு வா."