ஒரு வேளையும் ஒருவேளையும்

"நான் வாசிக்க முடியாத டாக்டர் கையெழுத்து இன்னும் பிறக்கல. ‘ஒரு வேளை’ங்கிறது என் பேனாவுல வரும், வாயில வராது."

இந்தப் பிரகடனத்தை மருந்துக்கடைக்காரர் கடை திறந்த வருஷமே வெளியிட்டுவிட்டார். மருந்து உறையின் மேல் ‘தினம் ஒரு வேளை’, ‘தினம் இரு வேளை’ என்று எழுதுவது அவர் தொழில். நடுவில் இருக்கும் இடைவெளியை எடுத்துவிட்டால் அதே சொல் ‘இருந்தாலும் இருக்கலாம்’ என்று குழைய ஆரம்பித்துவிடும். அந்தக் குழைவுக்குத் தம் வாயில் இடமில்லை என்பதே பிரகடனத்தின் உட்பொருள். இருபத்தாறு வருஷம் இந்தச் சட்டம் ஒரு திருத்தமும் இல்லாமல் அமலில் இருந்தது.

வீட்டிலும் இதே சட்டம்தான். ஒரு நாள் காலை கடைச் சாவியைக் காணோம்.

"எங்க வச்சீங்க?" என்றாள் மனைவி.

"மேசை மேல."

"ஒருவேளை சட்டைப் பையில இருக்குமோ?"

"மேசை மேலன்னு சொன்னேன்ல."

சாவி சட்டைப் பையில் இருந்தது. மேசை மேலிருந்த சாவியை யாரோ எடுத்துப் பையில் போட்டிருக்கிறார்கள் என்று அவர் தீர்ப்பு வழங்கினார். வீட்டில் இருந்தது இரண்டே பேர். "ஆமா, நான்தான் போட்டேன். எனக்கு வேற வேலை என்ன," என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை இறக்கப் போனாள்.

சைக்கிள் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் அவருடைய கடை. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். மருந்துச் சீட்டு நீட்டப்பட்டால் மூக்குக்கு இறங்கும். மூன்று விநாடி. அதற்குள் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். இதனால் தெருவில் அவருக்கு ‘லென்ஸ்’ என்று பெயர். எதிர்ச்சாரி மாடியில் இருந்த டாக்டரே, போன மாதம் தாம் எழுதிய சீட்டைத் தம்மாலேயே வாசிக்க முடியாமல், "கீழ போய் லென்ஸ்கிட்ட கேட்டுட்டு வாங்க, நான் என்ன எழுதியிருக்கேன்னு," என்று நோயாளியை அனுப்பியதுண்டு. இதைவிடப் பெரிய பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தந்துவிட முடியாது. அன்று லென்ஸ் ஒரு தோசைக்கல் அகலத்துக்குச் சிரித்தார் என்று ஜெராக்ஸ்காரர் சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை, பள்ளிச் சீருடை தைக்கும் டெய்லரம்மா சீட்டோடு வந்தார். இரண்டு தெரு தள்ளி அவருக்குச் சின்னக் கடை. விரல் கணுவெல்லாம் வீங்கி, ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை என்று டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் மூட்டுக்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை எழுதியிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்தை ஒட்டி ஒரு புழு. அதற்கப்புறம் நாலு என்று எண்.

வட்டத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருஷமாக வந்த புழுவெல்லாம் ‘டி’ என்ற எழுத்துத்தான். ஓ.டி. என்றால் தினம் ஒன்று. மூன்று விநாடி முடிந்தது.

"அண்ணே," என்றார் டெய்லரம்மா, "டாக்டர் ஒரு மாசம் கழிச்சுத்தான் வரச் சொன்னாரு. நாலு மாத்திரை நாலு நாள்ல தீர்ந்துடுமே?"

அந்தக் கவுன்ட்டருக்கு அதுவரை வந்த கேள்விகளிலேயே ஆகச் சிறந்த கேள்வி அது. லென்ஸ் அதை ஒரு கை அசைப்பில் வழியனுப்பி வைத்தார்.

"டாக்டர் அவசரத்துல சைபரை விட்டிருப்பாரு. நாப்பதுன்னு போட வந்திருப்பாரு. நான் முப்பது தரேன், மாசத்துக்குச் சரியா இருக்கும்."

ஆக, கையெழுத்தை வாசித்ததோடு நிற்காமல், டாக்டர் எழுதாததையும் வாசித்துவிட்டார். உறையில் முத்து முத்தாக எழுதினார்: தினம் ஒரு வேளை, மதியம், சாப்பிட்ட பின். "ஒரு நாளும் விடக்கூடாது, என்ன?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"சரிண்ணே," என்று டெய்லரம்மா உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டே கால். மொத்தக் கடையிலிருந்து சரக்கு கொண்டுவரும் ஸ்கூட்டர்காரர் பெட்டியை இறக்கிவிட்டுப் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, மஞ்ச மாத்திரை மூணு அட்டை கேட்டிருக்கீங்க. தெருவுக்கே மூட்டு புடிச்சுக்கிச்சா?"

"ஒரே ஆளுக்குப் போச்சுப்பா. ஒரு மாசத்துக்கு."

"ஒரு ஆளுக்கா? என் மாமியாருக்கும் அதேதான். வாரத்துக்கு ஒண்ணு. செவ்வாய்க்கிழமை மட்டும். மறதியா ரெண்டாவது போட்டுடுவாங்கன்னு மாமனார் டப்பாவப் பூட்டி வச்சிருக்காரு. அவரு நகையக்கூட அப்படிப் பூட்டினதில்ல."

லென்ஸ் சிரிக்கவில்லை. ஒரு அட்டையை எடுத்து அதன் பெட்டியைத் திருப்பினார். பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: வாரம் ஒருமுறை மட்டும். எப்போதோ படித்த விஷயம்தான். அந்த டாக்டர் இந்த மாத்திரையை அபூர்வமாகத்தான் எழுதுவார். தவிர, கையெழுத்தில் கரை கண்டவர்கள் அச்செழுத்தைச் சீண்டுவதில்லை.

அந்தப் புழு ‘டபிள்யூ’. ஓ.டபிள்யூ. என்றால் வாரம் ஒன்று. இப்போது கண்ணை மூடினாலும் தெரிந்தது. இரண்டு வளைவு. பளிச்சென்று.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரல் மடக்கினார். ஒரு மாதத்து மருந்து நாலு நாளில் உள்ளே போயிருந்தது. இன்றைக்கு ஐந்தாவது, மதியம், சாப்பிட்ட பின். மணி பன்னிரண்டு இருபது. ரத்தத்தையே வற்ற அடிக்கும் மருந்து அது.

"அண்ணே, கையெழுத்துப் போடுங்க," என்று ஸ்கூட்டர்காரர் நீட்டிய தாளை அவர் வாங்கவில்லை. ஷட்டரை இழுத்து இறக்கினார். பட்டப்பகலில் அந்த ஷட்டர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. ஜெராக்ஸ்காரர் வெளியே வந்து, "வீட்ல யாருக்காவது..." என்று ஆரம்பித்தார். லென்ஸ் அதற்குள் சைக்கிள் கடையைத் தாண்டிவிட்டார்.

ஓட்டமும் நடையுமாகப் போகும்போது மனசுக்குள் ஒரு குரல், ஒருவேளை அந்தம்மா மாத்திரையே போடாமல் வைத்திருந்தால், என்றது. தடை செய்யப்பட்ட சொல்தான். அவர் விரட்டவில்லை. அதையே பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போனார். மறந்திருக்கலாம், தொலைத்திருக்கலாம், மருந்து பிடிக்காமல் வீசியிருக்கலாம். தம்மிடம் மருந்து வாங்கிய ஒருவர் தம் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று அவர் மனசார ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

தையல் மெஷின் முன்னால் யாரும் இல்லை. பாதி தைத்த நீலச் சட்டை ஊசியடியில் கிடந்தது. காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண், "அக்கா பின்னாடி சாப்பிடுறாங்க," என்றாள்.

பின்கட்டில் டெய்லரம்மா சாதத்தைத் தண்ணீர் விட்டுக் கூழாகப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிபன் மூடியில் ஒரு மஞ்சள் மாத்திரை தயாராக இருந்தது.

"வாங்கண்ணே. நானே வரணும்னு இருந்தேன். ரெண்டு நாளா வாயெல்லாம் புண்ணு. எதையும் மெல்ல முடியல. ஆனா மாத்திரைய மட்டும் விடல. நீங்க சொல்லிட்டீங்கல்ல."

அவர் குனிந்து அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டார்.

"இதப் போடாதீங்கம்மா. அந்தச் சீட்டு இருக்கா?"

சீட்டு இஞ்ச் டேப்போடு மடித்து வைத்திருந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு நின்ற இடத்திலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், வியாழக்கிழமை டெய்லரம்மாவுக்கு எழுதினீங்களே. மஞ்ச மாத்திரைக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கீங்க?"

டாக்டர் சிரித்தார். "என்ன லென்ஸ், நீங்களே என்னைக் கேட்டா நான் யாரைக் கேக்கிறது?"

"சொல்லுங்க டாக்டர்."

தாள் புரளும் சத்தம். "வாரத்துக்கு ஒண்ணு. நாலு வாரத்துக்கு நாலு. ஏன்?"

‘உங்க கையெழுத்து’ என்ற இரண்டு சொற்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அதில் பொய்யும் இல்லை. டெய்லரம்மா சோற்றுக் கையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தினம் ஒண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டேன். இந்தம்மா அன்னைக்கே சந்தேகமாக் கேட்டாங்க. நான்தான் காதுல வாங்கல. நாலு போயிருக்கு. வாய்ப்புண் வந்திருக்கு."

டாக்டர் குரலில் இருந்த சிரிப்பு நின்றது. "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தம் பாக்கணும். அதை முறிக்க மருந்து இருக்கு, நான் சொல்லி வைக்கிறேன். சீக்கிரம்."

ஆட்டோவில் டெய்லரம்மா ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லண்ணே?" ‘ஒண்ணும் ஆகாது’ என்பது கவுன்ட்டரில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை இலவசமாகக் கிடைக்கும் சரக்கு. அன்று அவரிடம் இருப்பு இல்லை. "சீக்கிரம் போப்பா," என்று டிரைவரிடம் சொன்னார்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒன்றரை மணி நேரம். வராந்தா பெஞ்சில் அவர் மஞ்சள் மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போவோர் வருவோர் முகத்தையெல்லாம் சீட்டு மாதிரி உற்றுப் பார்த்தார். ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

கடைசியில் நர்ஸ் வந்தார். "வெள்ளை அணு குறைஞ்சுதான் இருக்கு. கையை மீறிப் போகல. மருந்து ஏத்திட்டிருக்கோம், ஒரு வாரம் இங்க இருக்கணும். தேறிடுவாங்கன்னு பெரிய டாக்டர் சொல்றாரு. இன்னும் ரெண்டு மூணு நாள் போட்டிருந்தாங்கன்னா..." வார்டுக் கதவைக் கை காட்டினார். "உள்ள போய்ப் பாருங்க."

டெய்லரம்மா கையில் ஊசி குத்தி, மேலே பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, புண்ணான வாயால் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இத்தனை வருஷத்துல, இந்த மாதிரி வேற யாருக்காவது மாத்திக் குடுத்திருப்பீங்களா?"

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி ஓய்ந்தார்கள்.

"ஒருவேளை குடுத்திருப்பேம்மா," என்றார்.