மெழுகுதிரி ஏற்றப்பட்ட கிறகோரி

கண்காட்சிக்குப் படம் சேர்க்கும் வேலையை மரியநாயகி அக்காவிடம் கொடுத்தது பிழை என்று பங்குச் சபையில் பிறகு சொன்னார்கள். ஆனால் வேறு யார் கேட்டிருந்தாலும் யாழ்ப்பாணத்துக் குருநகர்ச் சனம் செத்தவர்களின் படங்களைச் சுவரிலிருந்து கழற்றித் தந்திராது.

1991 நவம்பர், இறந்த ஆன்மாக்களின் மாதம். சண்டையில் செத்த ஊரவர்களின் படங்களைப் பங்கு மண்டபத்தில் வைத்தோம். பல்கலைக்கழகம் போனவன் என்று விவரம் எழுதும் வேலை எனக்கு. பெயர், பிறப்பு, இறப்பு மட்டும். யார் கொன்றதென்று எழுதக்கூடாது. ஒவ்வொருவரையும் ஒவ்வொரு கை கொன்றிருந்தது. எழுதினால் மண்டபத்துக்குள்ளேயே அடிபாடு வரும்.

"என்ரை மனிசன்ரை படத்துக்குக் கீழை கிறகோரியின்ரை பேரை எழுது, தம்பி," என்றார் அக்கா.

எண்பத்தெட்டில் ஒரு சுற்றிவளைப்பு. சாக்கால் தலையை மூடிய ஆள்காட்டி ஒருவன் இந்திய ஆமி வாகனத்தில் இருந்தான். அக்காவின் கணவர் சிமியோன் முன்னே வந்ததும் தலையாட்டினான். கொண்டுபோனார்கள், உடல்கூடத் திரும்பவில்லை. சாக்குக்குக் கீழே சின்னவிரல் இல்லாத கால் தெரிந்ததாம். சிமியோனின் கூட்டாளி கிறகோரிக்கும் சின்னவிரல் இல்லை.

"எழுதினா நாளைக்கே இயக்கக்காரர் அவரைக் கொண்டுபோய்ச் சுட்டுப்போடுவாங்கள், அக்கா."

"சுட்டா ஒரு நிமிசம். எனக்கு அது காணாது."

திறப்பன்று காலை, சிமியோனுக்குப் பக்கத்தில் இளவயதுக் கிறகோரி கோட்டுப் போட்டுத் தொங்கினார். மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரைத் தன் கலியாணப் படத்திலிருந்து அக்கா கத்தரித்திருந்தார். கீழே பெயர் மட்டும்.

முதலில் வந்தவர்கள் பக்கத்துப் பாஷையூர்ப் பெண்கள்.

"உவர் எப்ப மோசம் போனவர்?"

"பேசாமல் கொளுத்தடி. இதுக்கை தொங்கினா செத்தவர்தானே."

நான் ஓடிவந்தபோது படத்தின் முன் மெழுகுதிரித் துண்டுகள் எரிந்துகொண்டிருந்தன. ஆன்மாவுக்கு ஏற்றியதை யாரும் ஊதி அணைப்பதில்லை. அதனால்தான் கை போகவில்லையா, என்ன நடக்குமென்று பார்க்க எனக்கும் ஆசையா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த வாரம் கிறகோரியின் வள்ளத்தில் ஒருவரும் ஏறவில்லை. ஒருவருக்கு வயிற்றுக்குத்து, இன்னொருவருக்குக் காய்ச்சல். ஆன்மத்திரி எரிந்தவனோடு யார் கடலுக்குப் போவது? அப்படிப்பட்டவனைக் கடல் எடுத்துவிடும் என்பார்கள்.

கடைசிநாள் மாலை, நானும் அக்காவும் படங்களைக் கழற்றத் தொடங்கும்போது அவர் வந்தார்.

"மச்சாள், என்னைக் கழட்டும்."

"என்ரை மனிசன்ரை உடம்பை எங்கை தாட்டவங்கள்? சொல்லும், கழட்டுறன்."

கிறகோரி வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என்னை அடிச்சவங்கள், மச்சாள். தலையை ஆட்டினனான். அவ்வளவுதான். எங்கை கொண்டுபோனவங்களெண்டு ஆண்டவராணை தெரியாது."

அக்கா அழுவார் என்று நினைத்தேன்.

"அப்ப தொங்கும்," என்றார்.

"கண்காட்சி முடியுதெல்லே?"

"மண்டபத்திலை முடியுது. என்ரை வீட்டுச் சுவர் கிடக்கு."

படத்தைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டுபோய் அக்கா தன் விறாந்தைச் சுவரில் மாட்டினார். அவர் வீட்டு விறாந்தையைத் தாண்டித்தான் எல்லாரும் கரைக்குப் போகவேண்டும். அன்று கேட்டதை நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சில மாதத்தில் கிறகோரி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

"ஆளே போயிட்டார். இனியாவது கழட்டுங்கோவன், அக்கா."

மரியநாயகி அக்கா திரியைக் கொளுத்திக்கொண்டே சொன்னார்: "அங்கையும் அவன் கடலுக்குத்தானே போவான், தம்பி."