தகட்டோடு சேர்ந்த கம்பி

மின்சாரம் பிளஸிலிருந்து மைனஸுக்குப் போகிறது என்கிறது உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம். எலக்ட்ரான் மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகிறது என்கிறது அடுத்த பக்கம். எது சரி என்று நேற்று பேரப்பிள்ளைகள் நீங்கள் இருவரும் சண்டை போட்டீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்தவரை இரண்டும் சரிதான். முதலில் அம்புக்குறி போட்டவர்களுக்கு எலக்ட்ரானைத் தெரியாது. பிறகு யாரும் அதை மாற்றவில்லை. எந்த அம்பை வைத்துக் கணக்குப் போட்டாலும் விடை ஒன்றே. ஆனால் செல்லைத் தலைகீழாக மாட்டினால் டிரான்சிஸ்டர் பொறுக்காது. அதை நான் எழுபதுகளில், சாலை என்னும் சந்தையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தபோது கண்டேன்.

நல்ல மழை. விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து ஒரு பெண் ரேடியோவை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் கணவன் மீன்பிடிக்கப் போன வள்ளம் காற்றில் சிக்கித் திரும்பவில்லை. எந்தெந்த வள்ளம் எங்கே கரை சேர்ந்தது என்று மாலைச் செய்தியில் சொல்வார்கள். முந்தின நாள் அதைக் கேட்க உட்கார்ந்தபோது ரேடியோ ஊமையாகிவிட்டது.

கையில் ஒரு மூங்கில் குழலும் இருந்தது. பாதி தீர்ந்த டார்ச் செல்களை அதற்குள் அடுக்கி, இரு முனையிலும் கம்பி வைத்து ரேடியோவுக்கு மின்சாரம் கொடுப்பது கடற்கரையில் வழக்கம். செல்லின் குமிழ்ப் பக்கம் பிளஸ், தட்டைப் பக்கம் மைனஸ்; இரண்டு கம்பியில் ஒன்றை ரேடியோவின் உள்தகட்டில் சேர்ப்பார்கள்.

“இத யாரும்மா மாட்டுனது?”

“நாந்தான் அண்ணே. உள்ள கெடந்த செல்லு தீந்துபோச்சு. தகட்டுக்குக் குமிழ்ப் பக்கத்துக் கம்பின்னு எனக்க மாப்பிள சொல்லித் தந்திருக்காரு.”

“அது பழைய ரேடியோவுக்கு. அதுல உள்ள தகடு பிளஸோட சேந்திருக்கும். இது புதுசு, தகடு மைனஸ்.”

“அப்போ பழசுல கரண்டு திரும்பியா ஓடிச்சு?”

“இல்ல. ரெண்டுலயும் பிளஸ்ல பொறப்பட்டு, ரேடியோக்குள்ள போயி, மைனஸுக்குத்தான் வருது. தகடு எந்தப் பக்கம்ங்கறதுதான் வேற.”

“அவரு தப்பாச் சொல்லமாட்டாரு.”

“தப்புன்னு நான் சொல்லலியே.”

கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “வே வாத்தியாரே, பாடம் போதும். செய்திக்கு முன்ன வேலைய முடியும்.”

திறந்தேன். ஒரு கண்டன்சர் உப்பியிருந்தது. சத்தம் தரும் டிரான்சிஸ்டர் வெந்துபோயிருந்தது. இரண்டையும் மாற்றி, குழலின் கம்பிகளைத் திருப்பி மாட்டினேன். அவள் பெஞ்சில் உட்காரவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரேடியோ கரகரத்துப் பேசியபோது அண்ணாச்சி மற்ற செட்டுகளை அணைத்தார்.

சில வள்ளங்கள் கொல்லத்துப் பக்கம் ஒதுங்கியதாகச் செய்தி வாசித்தவர் சொன்னார். எங்கிருந்து போனவை என்றும் சொன்னார். விழிஞ்ஞம் என்ற பேர் வரவில்லை. அடுத்து அரிசி விநியோகம் பற்றி வாசித்தார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, அந்தக் கம்பியக் கழத்துங்க. நான் மாட்டிப் பாக்கட்டு.”

கழற்றிக் கொடுத்தேன். தட்டைப் பக்கத்துக் கம்பியைத் தகட்டில் வைத்து, சரியா என்று என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். மறுபடி கழற்றி மறுபடி மாட்டினாள்.

“வந்தா அவருக்கு நாந்தான் சொல்லிக் குடுக்கணும். இல்லேன்னா பழையபடி மாட்டி இதத் திரும்பக் கெடுத்துருவாரு.”

அண்ணாச்சி கூலி வாங்கவில்லை. அவள் மழையில் இறங்கிப் போனாள்.

அந்த வள்ளம் வரவில்லை என்று பிறகு சாலைச் சந்தைக்கு மீன் கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள்.