ரப்பர் கோழியும் கிளெனிஸின் மென்பொருளும்

அலுமினியத்துக்கான வெண்மணிகளைத் தயாரிக்கும் எங்கள் அலுமினா ஆலையில் ஒரு ரப்பர் கோழி இருந்தது. ஆய்வகத்திலிருந்து மோசமான முடிவு வரும் நேரத்தில் எந்த ஷிப்ட் பணியில் இருக்கிறதோ, அவர்களுடைய தலைக்கு மேல் கட்டுப்பாட்டு அறையில் அதைத் தொங்கவிடுவார்கள். அது நியாயமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கரைசல் வரிசையாக நிற்கும் உயரமான தொட்டிகளைக் கடந்து, வெண்மணிகளாகத் திரண்டு வெளியே வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். இன்று மணிகள் சரியாகத் திரளாமல் மாவாக வந்தால், தப்பு முன்பே யாரோ செய்தது. அதனால் கோழியை யாரும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அது வேறு ஷிப்டுக்குப் போய்விடும்.

கிளெனிஸ் பராட் மனத்தில் வைத்துக்கொண்டாள். ஆலையின் தரவுகளைப் பார்க்கும் பொறியாளர் அவள். ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை. பெரிய புத்திசாலி என்று சொல்லமாட்டேன். பழி தவறான ஆள்மேல் விழுவதைப் பொறுக்காதவள், அவ்வளவுதான். முடிவு வந்த நேரத்திலிருந்து கரைசல் பயணம் செய்த நேரத்தைக் கழித்து, தப்பு நடந்த வேளைக்கே கொண்டுபோய் நிறுத்தும் மென்பொருள் ஒன்றை எழுதினாள். மேலாளர் ராய்ஸ் பெண்டர் மகிழ்ந்துபோய்க் கோழியைக் குப்பையில் போட்டார்.

பிறகு ஒரு கப்பல் சரக்கு முழுவதும் மாவாகப் போய்த் திரும்பி வந்தது. மென்பொருள் மெர்வ் டோல்ஹர்ஸ்டின் ஷிப்டைக் காட்டியது. மணிகள் திரள்வதற்கு வேண்டிய விதைத்தூளைத் தொட்டிகளுக்கு அனுப்புவது அவன் வேலை. கோழி தொங்கியபோது கிண்டலடித்த அதே ஆட்கள் இப்போது அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரும் நம்பாத பழியைச் சுமந்துவிடலாம். எல்லோரும் நம்பும் பழியைச் சுமக்க முடியாது.

அவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் கிளெனிஸுக்கு உறைத்தது. அந்த வாரம் உள்ளே படிந்த கல்லைச் சுரண்டுவதற்காக இரண்டு தொட்டிகளை மூடியிருந்தார்கள். தொட்டி குறைந்தால் கரைசல் சீக்கிரம் வந்துவிடும். அவள் மென்பொருளோ எப்போதும்போல அதே தாமதத்தைக் கழித்து, வெகுதூரம் பின்னால் போய் மெர்வ்மேல் நின்றிருந்தது.

ஓட்டத்துக்கேற்பத் தாமதம் மாறும்படி திருத்தி எழுதினாள். தொட்டிகளுக்குள் பழையதும் புதியதும் கலப்பதையும் கணக்கில் சேர்த்தாள். இப்போது தப்பு ஒரு வேளையில் நிற்கவில்லை. மெர்வுக்குப் பின் வந்த மூன்று ஷிப்டுகளில் மெல்லிய கறையாகப் பரவிக் கிடந்தது.

ராய்ஸ் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி, அப்ப யாரு?"

"ஒருத்தர்னு சொல்ல முடியாது ராய்ஸ். உள்ள எல்லாம் கலந்துதான் வருது. மெர்வ் இல்லன்னு மட்டும் சொல்லலாம்."

"மேல இருக்கறவங்களுக்கு 'எல்லாரும்தான்'னு எழுதி அனுப்பவா? அதுக்கு அந்தக் கோழியே போதுமே, கிளென்."

மெர்வின் வேலைநீக்கத்தில் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். கொடியவர் அல்ல. அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சரியான கணக்கில் பெயர் இல்லை.

வேலை போனாலும் மெர்வுக்கு நல்ல பெயராவது மிஞ்சட்டும் என்று கிளெனிஸ் அவன் வீட்டுக்குப் புறப்பட்டாள். நானும் உடன் போனேன். முற்றத்தில் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். பீர் வேண்டுமா என்று கேட்டான். அவள் புதுக் கணக்கின் வரைபடங்களை விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குழாயை மூடிவிட்டுக் கேட்டான்.

"நல்ல மனசு உனக்கு. ஆனா நான் யோசிச்சுப் பாத்தேன். அன்னிக்கு விதைத்தூள் வால்வைக் கொஞ்சம் முன்னாடியே மூடிட்டேன். சக்கரத்தைத் திருப்பினதுகூட ஞாபகத்துல இருக்கு."

"நீ மூடவே இல்ல மெர்வ். பதிவைப் பாரு, உன் ஷிப்ட் முழுக்க அது திறந்துதான் இருந்துச்சு."

"பதிவை விடு. முதல்ல பாத்தப்ப உன் மெஷினுக்குத் தெரிஞ்சுதானே என் பேரைச் சொல்லுச்சு?"

ஆறுதலுக்காகப் பொய் சொல்ல வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். பிறகு குழாயைத் திறந்து, சுத்தமாகிவிட்ட படகை மறுபடி கழுவத் தொடங்கினான்.