முப்பத்தோராம் பக்கத்து ஒட்டு

இடது கையின் கட்டைவிரல் பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை இடுக்கியால் ஒரு தாள் துண்டை எடுத்து, பின்புறம் பசை தொட்டு, முப்பத்தோராம் பக்கத்தின் ஒன்பதாம் வரியில் அச்சாகியிருந்த இரண்டு சொற்களின் மேல் வைத்துப் பிசிறில்லாமல் ஒற்றியது. இருபத்தேழு பிரதிகள் முடிந்தன. இன்னும் பதின்மூன்று.

"என்ன சந்தேகம் சார், வீட்டுக்குப் போற உத்தேசம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அச்சு மெஷின்காரர் கிளம்பினார்.

அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் அவரை எல்லோரும் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் ஒற்றெழுத்து இடறினாலும் எழுதியவருக்குப் போன் போட்டுவிடுவார். "சந்தேகம் லைன்ல இருக்கார், நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று மெஷின்காரர் மற்றவர்களை அனுப்பிவைப்பார். முப்பது வருடத்தில் அவர் கேட்காமல் விட்டது ஒரே ஒரு முறை. அது சொந்த அக்காவின் புத்தகத்தில்.

அக்கா கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவள். நானூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் சிலர் அறிவையும் கடவுளையும் பற்றி யோசித்ததை, ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறவருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தாள். பக்கத்து ரயில் நகரும்போது நம் ரயில்தான் நகர்கிறது என்று அடித்துச் சொல்கிறோமே, பிறகு கண்ணை எப்படி நம்புவது? கனவில் உட்காரும் நாற்காலியும் கெட்டியாகத்தானே இருக்கிறது? இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், "எல்லாம் கழிந்தபின் மிஞ்சுவது ஐயம் ஒன்றே" என்று நிறுத்தியிருந்தாள். ஐயப்படுகிறேன் என்பதை மட்டும் ஐயப்பட முடியாது. ஐயப்படுவதற்கு ஒரு 'நான்' வேண்டும். ஐயப்படுகிற நான் குறையுள்ளவன்தான். குறை என்று தெரிய வேண்டுமானால், குறையே இல்லாத ஒன்றின் நினைப்பு எனக்குள் எப்படி வந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவர்களில் ஒருவர் கடவுளிடம் போய்ச் சேர்ந்தார். ஏணியில் கடவுள் மேல்படி. அடிப்படி ஐயம்.

கணினியில் டி.டி.பி. அடித்தவர் 'ஐயம்' என்பதை 'ஐயன்' என்று அடித்துவிட்டார். புரூஃபில் "ஐயன் ஒன்றே" என்று வந்தது. இவர் கண்ணை உறுத்தியது 'ஐயன்' அல்ல, 'ஒன்றே'. ஐயன் உயர்திணை ஆயிற்றே, 'ஒன்று' எப்படிப் பொருந்தும்? இலக்கண சுத்தமாக "ஐயன் ஒருவனே" என்று திருத்தினார். தவறான சொல்லுக்குத் தோதாகச் சரியான சொல்லை மாற்றிவிட்டார்.

கையெழுத்துப் பிரதி மேசைக்கு அடியில்தான் கிடந்தது. குனிந்திருந்தால் போதும். ஒரு போன் போதும். ஆனால் அப்போது அப்பாவின் அலமாரி யாருக்கு என்பதில் தகராறு வந்து, இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவளே முதலில் பேசட்டும் என்று முறுக்கிக்கொண்டிருந்தார்.

புத்தகம் வெளிவந்தது. கடவுளை அடிப்படியில் வைத்துவிட்டு, மேல்படியில் ஏறிக் கடவுளைக் கண்டுபிடிக்கும் பாடம். மாணவர்கள் சிரித்தார்கள். கல்லூரி அதைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. அக்கா வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரோ, "கடைசியில அக்காவும் வழிக்கு வந்துட்டா பார்" என்று மனைவியிடம் சொல்லிப் பூரித்தார்.

ஆறு வருடம் கழித்து, போன மாதம், பழைய கட்டுகளைக் கழிக்கும்போது அந்தத் தாள் கைக்கு வந்தது. அக்காவின் உருண்டைக் கையெழுத்தில் பளிச்சென்று ஒரு 'ம்'. அன்றைக்கே கிடங்குக்குப் போய் எண்ணினார்.

விற்காமல் கிடந்தவை நாற்பது. பழைய சொற்கள் இருந்த இடத்தை "ஐயம் ஒன்றே" நிரப்பவில்லை. எழுத்துகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட்டு அளவெடுத்து அச்சடித்தார். நாற்பதையும் ஒட்டி முடித்து, நூல்கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை அக்காவின் கதவைத் தட்டினார்.

"யாரு?" கதவைத் திறந்து, நேரே அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். அவளுக்குப் பார்வை இவ்வளவு மங்கிப்போனது அவருக்குத் தெரியாது.

"நான்தான்க்கா."

"ஓ. ஆறு வருஷமா வழி தெரியலையாக்கும்?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.

"அப்ப நீ வேணும்னு பண்ணலையா?"

"சத்தியமா இல்லக்கா. எல்லாரையும் கேட்பேன். உன்னைக் கேட்கல."

"நீ உன் பக்தியைக் கொண்டுவந்து என் புத்தகத்துல சொருகிட்டேன்னு நினைச்சேன்டா. நினைச்சேன் என்ன, அடிச்சு வச்ச ஆணி மாதிரி நிச்சயமா இருந்தேன். வகுப்பு வகுப்பா சந்தேகப்படுங்கன்னு சொன்னவ நான்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அவர் கட்டின் மேலிருந்த பிரதியை உருவிப் பிரித்து அவள் மடியில் வைத்து, அவள் விரலைப் பிடித்து ஒன்பதாம் வரியில் விட்டார். விரல் முன்னும் பின்னும் போய்வந்தது.

"எங்கடா ஒட்டு? தட்டுப்படவே இல்லையே."

"தட்டுப்படாமத்தான்க்கா ஒட்டியிருக்கேன்."

"அப்ப நான் எதை வச்சு நம்புறது?"

"யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளு."

அவள் புத்தகத்தை மூடினாள்.

"படிக்கிறதுக்கு இங்க யாருடா வரா?" என்றவள், இரண்டு கைகளையும் நீட்டினாள். "சரி, குடு."

மிச்சம் முப்பத்தொன்பதையும் நூல்கயிற்றுக் கட்டோடு அந்தக் கைகளில் வைத்தார்.